மூண்டாம் மாடிக்காரரின்ட காரும் மற்றக் கரைச்சல்களும்

07 செப்டம்பர் 2025, ஞாயிறு, போயா (பௌர்ணமி லீவு)

காலமை சந்தைக்குப் போட்டு வந்தனான், எங்கட கொழும்புக் காலி வீதி வெறிச்சுப் போய்க் கிடந்தது. இடப்பக்கத்தில ஒரு லேன் முழுசா இருக்கு எண்டு இண்டைக்குத்தான் கண்ணில பட்டது. மற்ற நாள்ல அதில பஸ்காரர் போட்டிக்கு ஆள் ஏத்துவினம், ஓட்டோ நிக்கும், கடைக்குச் சாமான் இறக்கிற லொறி நிக்கும், மிச்சம் மீதி இடத்தில எங்கட "ஒரு நிமிசம்" ஆக்கள். அவை ஆர் எண்டால், நாலு சிக்னலையும் மினுங்க விட்டுட்டு பாண் வாங்க இறங்கிறவை. அந்தச் சிவப்பு முக்கோண சுவிச்சை அமத்தினால் கார் மாயமா மறைஞ்சிடும் எண்டு நினைக்கினம் போல. கார் பழுதாகி நடு ரோட்டில நிண்டால் பின்னுக்கு வாறவனுக்குச் சொல்லத்தான் அந்த லைட்டை வைச்சவன். இஞ்ச அதுக்குப் பாண் வாங்கிற வேலை, மழைக்குள்ள ஓடுற வேலை, பிறகு சந்தியில "நான் நேர போறன்" எண்டு சொல்லுற வேலை. நேர போறவருக்கு என்னத்துக்கு சிக்னல் எண்டு எனக்கு இண்டு வரைக்கும் விளங்கேல்லை, பக்கத்து ரோட்டில நிண்டு பாக்கிறவனுக்கு உங்கட காரின்ட ஒரு பக்க லைட்தான் தெரியும், ஓ இவர் திரும்பப் போறார் எண்டு நினைச்சு அவன் வெளிக்கிட்டால் பேந்து ரெண்டு பேரும் இறங்கி நிண்டு கதைக்க வேண்டியதுதான்.

08 செப்டம்பர், திங்கள்

கிழமை தொடக்கமே கரைச்சல். எங்கட ஃபிளட்டில கார் விடுறது முன்னுக்குப் பின்னுக்கு, எங்கட கார் சுவரோட, அதுக்கு முன்னால மூண்டாம் மாடிக்காரர். வெள்ளவத்தையில கடற்கரைப் பக்க லேன் வழிய கனக்க ஃபிளட் இப்பிடித்தான், காணி ஒடுக்கம், வீடு கூட, அப்ப கார் ஒண்டை மறிச்சு ஒண்டு. அதில எனக்கு ஒரு கோவமும் இல்லை. மறிச்சு விடுங்கோ, ஆனா கூப்பிட்டால் வாங்கோ. நான் கேக்கிறது இவ்வளவுதான்.

காலமை 6.50, பிள்ளைக்கு 7.30க்கு ஸ்கூல், முன்னால அவற்ற புது எலெக்ட்ரிக் ஜீப் நிக்குது. கண்ணாடிக்குள்ள ஒரு போன் நம்பரும் இல்லை. செக்கியூரிட்டி ஐயா இன்டர்கொம்மில அடி அடியெண்டு அடிக்கிறார், அங்கால சத்தமே இல்லை. "பொட்டக் இன்ன மிஸ்" (கொஞ்சம் நில்லுங்கோ மிஸ்) எண்டு சிங்களத்தில சொல்லிட்டு மனுசன் படியால ஏறிப் போறார், லிஃப்டில ஆரோ காஸ் சிலிண்டர் ஏத்திக்கொண்டிருந்தவை. கடைசியில சாரத்தோட இறங்கி வந்தவர் ஒரு சொறி கூடச் சொல்லேல்லை, "இவ்வளவு வெள்ளனவே போறனீங்கள்?" எண்டு என்னைக் கேக்கிறார்.

மாமா இருந்த காலத்தில மறிச்சு விடுறவன் கியரை நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, டயருக்கு ஒரு கல்லை அண்டக் குடுத்துட்டுத்தான் போவான். வெளிய போக வேண்டியவன் கல்லை எடுப்பான், தள்ளுவான், தன்ர காரை எடுத்துட்டு அதைத் திரும்பத் தள்ளி விட்டு கல்லையும் வைச்சிட்டுப் போவான், ஒருத்தரையும் நித்திரையால எழுப்பத் தேவையில்லை. ஓட்டோ கியர் வந்தோட அந்தப் பழக்கம் போயிட்டுது. ஆனா செய்ய ஏலாது எண்டில்லை. லீவர் இருக்கிற ஓட்டோ கார் கனக்கத்தில அதுக்குப் பக்கத்தில ஷிஃப்ட் லொக் எண்டு ஒரு சின்ன பட்டனோ மூடியோ இருக்கும், லீவரை பார்க்கில (P) விட்டு எஞ்சினை நிப்பாட்டிட்டு பேந்து அதை அமத்திக்கொண்டு லீவரை நியூட்ரலுக்கு இழுத்தால் சரி, கார் தள்ளுப்படும். நிலம் மட்டமா இருக்க வேணும், சரிவில இந்த விளையாட்டு வேண்டாம். என்ர வகன் ஆர் (Wagon R) காரை முன்னுக்கு விட வேண்டி வந்தால் நான் அப்பிடித்தான் விடுறனான். 2020இல இறக்குமதியை நிப்பாட்டி இந்த வருசம் பெப்ரவரியில திரும்ப விட்டாப் பிறகு வந்திறங்கிற புதுசுகள் கனக்க அப்பிடியில்லை, ஓஃப் பண்ணின உடனே தானாப் பிடிச்சுக்கொள்ளும், நாலு பேர் தோள் குடுத்தாலும் அசையாது. அப்ப அதை வைச்சிருக்கிறவர் ஒரு துண்டில போன் நம்பரை எழுதி வைக்கிறதுக்கு என்ன கேடு?

10 செப்டம்பர், புதன்

ஒண்டரைக்கு ஸ்கூல் விடுற நேரம். ஒரு மணிக்கே வேன்கள் வந்து ஒரு வரிசை, அதுக்கு வெளிப்பக்கமா காருகள் இன்னொரு வரிசை, பிறகு நடுவில மிஞ்சின ஓடைக்குள்ளால ரெண்டு பக்கத்து ட்ரஃபிக்கும் போக வேணும். வேன்காரரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அவையளுக்கு அது தொழில், எந்தப் பிள்ளை எதால வரும் எண்டு தெரியும், ஏத்தினால் உடனே எடுத்துடுவினம். கரைச்சல் எங்கட ஆக்கள்தான், ஏசியைப் போட்டு, சீட்டைச் சரிச்சு, ஒருத்தர் வாயைத் திறந்தபடி நித்திரை. இன்னொருத்தர் சரியா மஞ்சள் கடவைக்கு மேல நிப்பாட்டியிருக்கிறார், பிள்ளையள் அவற்ற பொனட்டைச் சுத்தி ரோட்டுக்குள்ள இறங்கிப் போகுதுகள், அதில ஒண்டு அவற்ற சொந்தப் பிள்ளை!

வரேக்க லேனுக்குள்ள திரும்புறதுக்கு நிக்கிறன், எதிரில வந்தவர் ஹெட்லைட்டை ரெண்டு தரம் அடிச்சார். வெளிநாட்டில இருந்து லீவில வாற சொந்தக்காரருக்கு நான் முதல் சொல்லுறது இதைத்தான், அங்க லைட் அடிச்சால் நீ போ எண்டு அர்த்தமாம், இஞ்ச நான் வாறன் நில் எண்டு அர்த்தம். போன மாசம் என்ர மனுசன்ட தம்பி லண்டனால வந்து நிண்டு, கையைக் காட்டி தேங்ஸும் சொல்லிக்கொண்டு போய் ஒரு பஸ்ஸுக்கு முன்னால விட்டவர். பக்கத்துச் சீட்டில இருந்த எனக்கு உயிர் போட்டு வந்தது.

12 செப்டம்பர், வெள்ளி

கோயிலுக்குப் போனது, நடந்துதான். லேன் முழுக்க கடைக்காரர் வைச்ச பிளாஸ்டிக் கதிரை, பெயின்ட் வாளிக்குள்ள கொங்கிறீட் ஊத்தி நட்ட கம்பி, பூச்சாடி. அது மாநகர சபை ரோட். தன்ர கடைக்கு முன்னால இருக்கிறது தன்ர சீதனம் எண்ட மாதிரி ஒவ்வொருத்தரும் வைச்சிருக்கினம். ஒரு தம்பி மோட்டசைக்கிளால இறங்கி கதிரையை எடுத்து ஓரமா வைச்சிட்டு சைக்கிளை விட்டவர், உள்ளுக்கிருந்து முதலாளி ஓடி வந்து "கஸ்டமர் பார்க்கிங்" எண்டார், தம்பி "நானும் கஸ்டமர்தான் அண்ணை, ஒரு டோர்ச் பற்றரி தாங்கோ" எண்டார். முதலாளிக்கு வாயே இல்லை.

என்ர மனுசன்ட ஒஃபிசில ஒருத்தர் நோ பார்க்கிங் போர்ட்டுக்குக் கீழ விட்டுப் பிடிபட்டாராம், லைசனைப் பொலிஸ் வாங்கி வைச்சிட்டு துண்டு குடுத்திருக்கு. 14 நாளுக்குள்ள தபால் கந்தோரில கட்டினால் ஒரு காசு, அதுக்குப் பிறகு ரெட்டிப்பு. தபால் கந்தோருக்குக் கட்டப் போனவர் அங்கயும் நிப்பாட்ட இடம் இல்லாமல் ரெண்டு சுத்துச் சுத்தினவராம்.

14 செப்டம்பர், ஞாயிறு

பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு சாமத்திய வீடு. ஹோலின்ட வளவுக்குள்ள காரை அடுக்கின அடுக்கில ஊசி விழ இடமில்லை. பிள்ளைக்கு ஆலாத்தி எடுக்கிற நேரம், மைக்கில நாதஸ்வரத்தை நிப்பாட்டிப் போட்டு ஒருத்தர் சொல்லுறார், "வெள்ளை நிற வகன் ஆர் காரின் உரிமையாளர் உடனடியாக வெளியில வரவும்". பாதி ஹோல் எழும்பிட்டுது. பிறகு இலக்கத்தை வாசிச்சார், எல்லாரும் இருந்தினம், ஒருத்தரும் போகேல்லை. திரும்ப வாசிச்சார். பிள்ளையின்ட தாய்மாமன் தட்டோட நிண்டபடி மைக்காரரைப் பார்த்த பார்வை இருக்கே! மூண்டாம் தரம் வாசிக்கேக்க, சாப்பாட்டுப் பந்தியில எனக்கு எதிரில இருந்த அங்கிள் பாயாசத்தை வடிவாக் குடிச்சு முடிச்சு, கையைக் கழுவி, துடைச்சு, "எங்கட நம்பர் மாதிரித்தான் கிடக்குது" எண்டு மனுசியிட்டச் சொல்லிக்கொண்டு எழும்பினார். வெளிய மறிபட்டு நிண்டது ஆர் எண்டு பாத்தால் கமராக்காரர், அடுத்த கலியாணத்துக்குப் போக வேணுமாம்.

17 செப்டம்பர், புதன்

கொள்ளுப்பிட்டிப் பக்கம் ஒரு மோலுக்குப் போனது. பேஸ்மென்டில ஒரு இடத்துக்கு மேல பச்சை லைட் எரியுது, கிட்டப் போனால் நடுவில ஒரு அன்ரி ஹேண்ட்பாக்கோட நிக்கிறா. "மகன் வாறார்". மகன் எங்க? இன்னும் மேல கேட்டில டிக்கெட் எடுக்கிறார். கார் பிடிச்சு வைக்கலாம், ஆள் நிண்டு இடம் பிடிக்கிறது என்ன நியாயம் எண்டு கேக்க வாய் வந்தது, பின்னுக்கு ஆறு கார் ஹோர்ன் அடிச்சது, விட்டுட்டன்.

லிப்டன் சர்க்கஸ் ரவுண்டபவுட்டைச் சுத்தி வரேக்க வலப்பக்கத்தால வாறவனுக்கு விட வேணும் எண்ட சட்டத்தை ஒரு சாமியும் மதிக்கேல்லை, அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் விடிஞ்சிடும்.

19 செப்டம்பர், வெள்ளி

ஃபிளட் கூட்டத்தில போன கிழமை நான் போட்ட சத்தத்துக்கு லிஃப்ட் வாசல்ல நோட்டிஸ் ஒட்டியிருக்கினம், மறிச்சு விடுற எல்லாரும் நம்பர் வைக்க வேணும். இண்டைக்கு விடிய இறங்கினால் அதே ஜீப், அதே இடம், ஆனா கண்ணாடிக்குள்ள ஒரு துண்டு, பெரிய எழுத்தில நம்பர். சந்தோசமா அடிச்சன், போன் ஓஃப். சரி வட்ஸ்அப்பில பாப்பம் எண்டு அடிக்க, ஒரு பொம்பிளைக் குரல் எடுத்தது. அவற்ற மனுசி. மகளின்ட பிள்ளைப்பேத்துக்கு ரொரன்ரோ போயிருக்கிறா, மனுசன் தன்ர நம்பர் தெரியாமல் இவவின்ட நம்பரை எழுதி வைச்சிருக்கிறார். அங்க இரவு ஒன்பதேகால் மட்டில, பேரப்பிள்ளையைத் தோளில போட்டுக்கொண்டு கதைக்கிறா, "கொஞ்சம் பொறும் பிள்ளை, நான் அந்தாளை எழுப்புறன்" எண்டு வைச்சா. அஞ்சு நிமிசம் செல்லேல்லை, மனுசன் கதவைக் கூடப் பூட்டாமல் ஓடி வந்து காரை எடுத்தவர், இந்த முறை சொறியும் சொன்னவர். அந்த நம்பரை நான் போனில சேவ் பண்ணி வைச்சிருக்கிறன்.