பொய்ச் செய்தி பரப்பி விளையாடலாம் வாங்க

அக்கா பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா, வாட்ஸ்அப்ல எது வந்தாலும் அப்படியே நம்பிடுவா, நானும் எத்தனையோ தடவை சொல்லிப் பாத்துட்டேன், காதுலயே போட்டுக்கல. போன ஞாயித்துக்கிழமை அவளை உக்கார வச்சு ‘பேட் நியூஸ்’ கேமை ஆட விட்டேன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் நெதர்லாந்துக் குழு ஒண்ணும் சேந்து 2018ல வெளியிட்டது, பிரவுசர்லயே ஓடும்.

இதுல நாமதான் பொய் பரப்புற ஆளு! ஃபாலோயர் ஏறணும், நம்பகத்தன்மை மீட்டரும் சரியக் கூடாது. ஆள்மாறாட்டம், உணர்ச்சியத் தூண்டுறது, ஜனங்களைப் பிரிச்சு விடுறது, சதிக்கதை, எதிராளி பேரைக் கெடுக்குறது, ட்ரோலிங்னு ஆறு தந்திரம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேட்ஜ். தடுப்பூசி மாதிரி பொய்த் தந்திரங்களைக் கொஞ்சமாக் காட்டிப் பழக்குறதுதான் இதோட அடிப்படை, 1960கள்ல வில்லியம் மெக்குவயர்ங்கிற உளவியலாளர் சொன்ன ஐடியா. சுமார் 15,000 பேர் ஆடினதை வச்சு 2019ல கட்டுரை வந்துச்சு, ஆடினப்புறம் பொய்யை நம்புறது குறைஞ்சிருக்கு, ஆனா ஒப்பிட்டுப் பாக்க ஆடாத குழுன்னு ஒண்ணு அதுல இல்ல, அது குறைதான்.

ஒரே ஒரு எழுத்து மாறின போலி அக்கவுண்டைப் பாத்ததும் அவ ஸ்கிரீன் கிட்ட மூஞ்சியக் கொண்டு போய் எழுத்தெழுத்தா படிச்சா. எனக்கு அவ்ளோ சந்தோஷம். நேத்து ராத்திரி ஒரு ஃபார்வர்ட் அனுப்பி, “சித்தி, இது உணர்ச்சி பேட்ஜ் தானே?”னு கேக்குறா.