ஒவ்வாமை உள்ள அம்மாவுக்குக் கொவிட் தடுப்பூசி: நாங்கள் பட்ட பாடு

சிங்கப்பூரில் 2021 அக்டோபர் 13 முதல், தடுப்பூசி போடாதவர்கள் உணவங்காடி நிலையங்களில் அமர்ந்து உண்ணவும் கடைத்தொகுதிகளுக்குள் நுழையவும் முடியாது என்ற விதி நடப்புக்கு வந்தபோது, எழுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்த என் அம்மா ஓர் ஊசிகூடப் போட்டிருக்கவில்லை. உறவினர்கள் அதைப் பிடிவாதம் என்றார்கள். பல் வலிக்குக் கொடுக்கப்பட்ட, பென்சிலின் வகையைச் சேர்ந்த அமாக்சிசிலினால் உதடும் கண்ணிமையும் வீங்கி, மூச்சிரைக்க அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்வந்தவர் அவர் என்பது அவர்களுக்கு மறந்துவிட்டது. பிரிட்டனில் ஊசி போடத் தொடங்கிய 2020 டிசம்பர் 8 அன்றே, ஒவ்வாமை வரலாறு உள்ள சுகாதார ஊழியர் இருவருக்குக் கடும் எதிர்விளைவு ஏற்பட்ட செய்தியை அம்மா மறக்கவில்லை. இங்கும் தொடக்கத்தில் அத்தகையோருக்கு வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். ஒவ்வாமை உள்ளோருக்கான அந்தத் தடை பின்னர் தளர்ந்தபோது, அதை நம்ப அவர் ஆயத்தமாக இல்லை.

ஒருவழியாகச் சம்மதிக்கவைத்து அழைத்துச் சென்றால், தடுப்பூசி நிலையத்தின் பதிவு மேசையில் இருந்தவர் ‘ஒவ்வாமை உண்டா?’ என்று கேட்டார். ‘உண்டு’ என்றதும், எந்த மருந்து, என்ன நேர்ந்தது என்று விசாரிக்காமலேயே, மருத்துவர் கடிதத்துடன் வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். தடுப்புக்கு அப்பால் மருத்துவர் ஒருவர் அமர்ந்திருந்தார். அவரிடம் பேச எங்களை விடவில்லை. ‘பாத்தியாம்மா, அவங்களே பயப்படுறாங்க’ என்றார் அம்மா. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதம் சிரமமின்றிக் கிடைத்தது. மருத்துவமனையின் ஒவ்வாமைப் பிரிவில்தான் அடுத்த அடி விழுந்தது. வாகன நிறுத்துமிடம் முதல் முகக்கவசம் வரை எல்லாவற்றையும் சொன்ன குறுஞ்செய்தி, தோல் சோதனைக்குச் சுமார் ஒரு வாரம் முன்பே ஒவ்வாமை மாத்திரைகளை நிறுத்தவேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அம்மா சளிக்காக விழுங்கியிருந்த மாத்திரையில் ஒவ்வாமையை அடக்கும் குளோர்ஃபெனிரமின் இருந்தது. அது சோதனை முடிவை மறைத்துவிடும் என்று தாதி வேறு தேதி கொடுத்துவிட்டார். முன்பதிவு செய்யும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். செட்டிரிசின், லோராடடின் போன்ற ஒவ்வாமை மாத்திரைகளில் மட்டுமல்ல, சில இருமல், சளி மருந்துகளிலும் இத்தகைய பொருள் உண்டு. அதற்காக வழக்கமான மருந்துகளை நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம்.

மறுமுறை பார்த்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி எங்களைத் திகைக்கவைத்தது: பெருங்குடல் பரிசோதனை செய்ததுண்டா? அம்மா பேச்செடுக்கவே விரும்பாத விஷயம் அது. இந்த ஃபைசர் தடுப்பூசியில் முட்டையோ ஜெலட்டினோ பென்சிலினோ கிடையாது, ஐயத்துக்குரிய முக்கியப் பொருள் பாலிஎத்திலீன் கிளைக்கால், வயிற்றைச் சுத்தம் செய்ய அம்மா முகம் சுளித்துக்கொண்டே லிட்டர் கணக்கில் குடித்த கரைசலில் இருந்ததும் அதுதான் என்று விளக்கினார். அதற்கு எதுவும் ஆகவில்லையே! ஆயினும் தோல் சோதனையையும் செய்தார். முன்கையில் பேனாவால் குறியிட்டு, சொட்டு வைத்து, இலேசாகக் குத்தினார்கள். கால் மணி நேரத்தில் ஒப்பீட்டுக்காக வைத்த, யாருக்கும் தடிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமின் மட்டும் கொசுக்கடிபோலத் தடித்தது. மற்ற இடங்களில் ஒன்றுமில்லை.

அமெரிக்காவின் தொடக்கக் கணக்குப்படி, ஃபைசர் ஊசியில் 10 இலட்சம் முதல் தவணைகளுக்கு ஏறத்தாழ 11 பேருக்கே உயிருக்கு ஆபத்தான கடும் ஒவ்வாமை ஏற்பட்டது, பெரும்பாலும் முதல் 15 நிமிடத்துக்குள் என்றும் அவர் சொன்னார். ‘அந்தப் பதினொருவரில் நான் ஒருத்தியா இருந்தா?’ என்று அம்மா கேட்டார். மருத்துவர் எழுந்துபோய், தள்ளுவண்டியின் மேல்தட்டில் ஆயத்தமாக இருந்த, கடும் ஒவ்வாமைக்கு உடனே போடும் மருந்தான அட்ரினலினை எடுத்துக் காட்டினார். எந்தப் புள்ளிவிவரத்தைவிடவும் அதுதான் வேலை செய்தது என்பேன். அன்றே ஊசி போட்டுக்கொண்டார். 30 நிமிடக் கண்காணிப்பு முடிந்தும் எழுந்திருக்க மனமில்லாமல் சற்றுக் கூடுதலாகவே உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது ஊசிக்குச் சென்ற நிலையத்திலும் அதே கேள்வி வந்தது. இம்முறை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, என்ன அறிகுறி தோன்றியது, எந்தப் பொருளுக்குச் சோதனை நடந்தது என்றெல்லாம் மருத்துவர் எழுதிக்கொடுத்த கடிதத்தை நீட்டியதும் உள்ளே விட்டுவிட்டார்கள். அதன் நகலைப் பத்திரப்படுத்துங்கள். கூடுதல் தவணைக்குப் போனபோதும் எங்களிடம் அதைத்தான் கேட்டார்கள்.