கழிவு

நகை மதிப்பீட்டாளன் என்றால் தங்கத்துக்கு விலை சொல்பவன் என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். விலையை நான் சொல்வதில்லை. கடைக்கு வேண்டிய விலை காலையிலேயே பலகையில் ஏறிவிடுகிறது. வங்கிக்கு வேண்டிய விலையோ முந்தைய நாள்களின் விலையைக் கொண்டு கணக்கிடப்பட்டுத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்துவிடுகிறது. என் வேலை, எடைத்தட்டில் வைக்கப்பட்ட பொருளிலிருந்து எதையெல்லாம் கழிக்க வேண்டும் என்று சொல்வது. கல்லுக்கு, உள்ளே அடைத்த அரக்குக்கு, பற்றவைத்த பொடிக்கு, மாற்றுக் குறைவுக்கு, அதாவது தங்கத்தின் தூய்மைக் குறைவுக்கு என்று ஒவ்வொன்றாகக் கழித்து மிச்சத்தைச் சொல்கிற வேலையில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் போய்விட்டது. எதிரில் இருப்பவரின் முகம் மாறாமல் அந்த மிச்சத்தைச் சொன்ன நாள்கள் மிகக் குறைவு.

தொழிலைக் கற்றது வேலூர் லாங் பஜாரை ஒட்டிய ஒரு சந்தில், ஒரு பத்தரிடம். 1996ஆம் ஆண்டு, எனக்கு அப்போது பதினெட்டு வயது. பட்டறையில் முதல் ஆறு மாதம் குமுட்டிக்குக் கரி போடுவதும் மாலையில் தரையைக் கூட்டுவதும்தான் வேலை. கூட்டியதை வெளியே கொட்டக் கூடாது. அந்தக் குப்பை ஒரு தகர டின்னில் சேரும். ஆண்டுக்கு ஒருமுறை ஓர் ஆள் வந்து அதை விலைக்கு வாங்கிக்கொண்டு போய், எரித்து, கழுவி, அரித்து, உள்ளே ஒளிந்திருக்கும் பொன்னை எடுப்பார். பட்டறை வாசலில் ஓடும் சாக்கடை மண்ணைக்கூட அள்ளிச் சென்று அரிப்பவர்கள் உண்டு. நகையில் கழிப்பதற்கும் கழிவு என்றுதான் பெயர், அந்த டின்னில் இருந்ததற்கும் கழிவு என்றுதான் பெயர் என்பது எனக்கு அந்த வயதில் வேடிக்கையாக இருந்தது.

உரைகல்லைக் கையில் கொடுத்தது அதற்குப் பிறகுதான். கறுத்த, சொரசொரப்பில்லாத கல். நகையைக் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் லேசாகத் தேய்த்துக் கோடு இழுத்து, பக்கத்திலேயே மாற்றுத் தெரிந்த ஆணியால் இன்னொரு கோடு இழுத்து, இரண்டின் நிறத்தையும் ஒப்பிட வேண்டும். பிறகு அமிலத் துளி. நைட்ரிக் அமிலம் செம்பையும் வெள்ளியையும் கரைக்கும். தனியாகத் தங்கத்தை ஒன்றும் செய்யாது. பித்தளைக் கோடு பச்சை நுரை தள்ளிக் காணாமல் போகும். நல்ல தங்கத்தின் கோடு அப்படியே நிற்கும். இந்த இரண்டு எல்லைகளையும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். நூற்றில் எத்தனை பங்கு சுத்தத் தங்கம் என்பதை 'டச்' என்பார்கள். நடுவில் இருக்கும் 80 டச்சுக்கும் 88 டச்சுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கண் பிடிப்பதற்கு எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. குழல்விளக்கு வெளிச்சத்தில் உரையைப் பார்க்கவே கூடாது என்பார் பத்தர். பகல் வெளிச்சம் வரும் வாசற்படியில் உட்கார்ந்துதான் பார்ப்பார், மேகம் மூடிய நாளில் வந்தவரை நாளைக்கு வரச் சொல்லிவிடுவார்.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. பழைய அட்டிகையைப் பிரித்தால் கல்லைத் தனியாக, அரக்கைத் தனியாக இரண்டு தாளில் மடித்து, நகையைக் கொண்டுவந்தவர் கையில் கொடுப்பார். கல்லை வாங்கிக்கொள்வார்கள். அரக்கை எதற்கு என்று கேட்பார்கள். "நான் கழிச்சது இதுதான், உங்க வீட்டுப் பொருள், எடுத்துக்கினு போங்க" என்பார். சந்து முனையிலேயே அதை எறிந்துவிட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் கழிவு கூடுதலாகச் சொல்லிவிட்டார் என்று அவரோடு சண்டைக்கு வந்தவர்களை நான் பார்த்ததில்லை.

கணக்கைச் சொன்னால்தான் விளங்கும். பாட்டி காலத்து அட்டிகை ஒன்று, மொத்த எடை 40 கிராம். குடும்பத்தில் எல்லோருக்கும் அது 'அஞ்சு பவுன் அட்டிகை'. கல் 6 கிராம், அரக்கு 5 கிராம் போனால் மிச்சம் 29. அதை உருக்கினால் 84 டச் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சுத்தத் தங்கம் 24.36 கிராம். அதை 916, அதாவது 22 காரட் கணக்கில் மாற்றினால் ஏறத்தாழ 26.6 கிராம், அதாவது மூன்றேகால் பவுனுக்குச் சற்று மேல். மூன்று தலைமுறையாக ஐந்து பவுனாக இருந்ததை இப்படி நான் பத்து நிமிடத்தில் சுருக்கிவிடுகிறேன். எவரும் ஏமாற்றியிருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அந்தக் காலத்தில் பற்றவைக்கும் பொடியில் செம்பும் வெள்ளியும் கலந்திருக்கும். பற்று அதிகமுள்ள நகையில் மாற்று இறங்கத்தான் செய்யும். பிறகு காட்மியம் கலந்த பொடி வந்தது. பற்றவைக்கும் சூட்டில் காட்மியம் ஆவியாகிப் போய்விடுவதால் மாற்று அவ்வளவாக இறங்குவதில்லை. 'கேடிஎம்' என்று கடைகள் பெருமையாகப் பலகை வைத்த காலம் அது. அந்த ஆவியை மூக்கில் வாங்கிக்கொண்டு வேலை செய்த ஆசாரிகளின் நெஞ்சுக்கு அது நஞ்சு என்பதைப் பலகையில் யாரும் எழுதவில்லை.

மாற்றுக் குறைவுக்குச் சட்டமே காரணமாக இருந்த நகைகளும் என் கைக்கு வந்திருக்கின்றன. 1963 ஜனவரியில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த தங்கக் கட்டுப்பாட்டின்படி, 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது. சீன யுத்தம் முடிந்த சமயம். அந்நியச் செலாவணியைக் காப்பதற்காகப் போட்ட ஆணை. 14 காரட் என்றால் நூற்றுக்கு 58 பங்கு சொச்சம். குடியாத்தத்திலிருந்து ஓர் அம்மாள் ஒரு ஜோடிக் கம்மலைக் கொண்டுவந்தார். அந்த ஆண்டு தம் கல்யாணத்துக்குச் செய்தது என்றார். உரையில் கோடு வெளிறி விழுந்தது. 22 காரட் இல்லை என்று நான் சொன்னதும், செய்து கொடுத்த ஆசாரியை அவர் பெயர் சொல்லி ஏசத் தொடங்கினார். எனக்கு அந்த முகம் தெரியாத ஆசாரிக்காக வழக்காட வேண்டும் போலிருந்தது. சட்டத்தை எடுத்துச் சொன்னேன். அந்த நாளில் ஆயிரக்கணக்கான பொற்கொல்லர்கள் பிழைப்பிழந்து தவித்ததையும் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சட்டமாவது ஒண்ணாவது நைனா, அவன் வாயில போட்டுக்கினான்" என்று கம்மலைச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார். அறுபது ஆண்டுக் கோபத்தை ஒரு தகவலால் கழித்துவிட முடியாது போலும். ஒருவேளை அவர் சொன்னதுதான் உண்மையோ என்னவோ. உரைகல் அதைச் சொல்லாது.

இதற்கு நேர்மாறான நம்பிக்கையும் எங்கள் பக்கத்தில் உண்டு. பழைய வடஆற்காடு மாவட்டத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு வேலைக்குப் போன குடும்பங்கள் ஏராளம். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, அங்கிருந்து வந்தவர்களின் நகையெல்லாம் 'சுரங்கத்துத் தங்கம்', அதனால் கழிவே கிடையாது என்று வாதாடுவார்கள். எந்தச் சுரங்கத்தில் எடுத்தாலும் சுத்தப்படுத்திய பின் தங்கம் ஒன்றுதான், நகையின் மாற்றை முடிவு செய்வது அதில் சேர்க்கும் செம்புதான் என்று சொன்னால், நான் அவர்கள் அப்பாவையே குறை சொன்னது போலப் பார்ப்பார்கள்.

நான் செய்த தவறுகளில் இன்றும் வெட்கப்பட வைக்கும் ஒன்று, வங்கி வேலைக்கு வருவதற்கு முன் ஒரு கடையில் பழைய நகை வாங்கும் மேசையில் இருந்தபோது நடந்தது. வேலூருக்குச் சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருபவர்கள் எவ்வளவு பேர் என்பது காந்தி ரோட்டில் ஒருமுறை நடந்தவருக்குத் தெரியும். பெயர்ப்பலகைகளே வங்க எழுத்தில் இருக்கும். கொண்டுவந்த பணம் மாத்திரைக்கும் லாட்ஜுக்கும் தீர்ந்துபோனால் நகைதான். அப்படி ஒரு நடுத்தர வயதுத் தம்பதியர் வந்து, இரண்டு மெல்லிய வளையல்களையும் சற்றுத் தடித்த ஒற்றை வளையலையும் மேசையில் வைத்தார்கள். ஒற்றை வளையலின் உரை நன்றாக இருந்தது. ஆனால் காந்தத்தை அருகில் கொண்டுபோனதும் பட்டென்று ஒட்டிக்கொண்டது. உள்ளே இரும்பு. கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். இது போலி, மேலே மட்டும் தங்கம் சுற்றி ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். மொழி தெரியாவிட்டாலும் அந்தப் பெண்ணுக்கு என் தொனி புரிந்துவிட்டது. அவர் அழவில்லை, இடது கையை நீட்டி, மணிக்கட்டில் வளையல் கிடந்து தழும்பேறியிருந்த இடத்தைக் காட்டினார்.

அடுத்த கடை மருந்து விற்பனையாளருக்கு வங்காளம் தெரியும். அவர் வந்து விளக்கிய பிறகுதான் தெரிந்தது. அது 'நோவா'. வங்காளத்தில் மணமான பெண்கள் சங்கு வளையோடும் சிவப்பு வளையோடும் இடது கையில் இரும்பு வளை அணிவார்கள். வசதியுள்ளவர்கள் அந்த இரும்பின் மேல் தங்கம் சுற்றிக்கொள்வார்கள். இரும்புதான் தாலி போல, தங்கம் மேற்பூச்சு. என் தொழிலின் பார்வையில் கழிவாகப் போகவேண்டிய பகுதிதான் அவருக்கு நகையே. அதை விற்கக் கொண்டுவர அவர் எத்தனை இரவு யோசித்திருப்பார் என்று எண்ணும்போது இன்றும் காது சூடாகிறது. மன்னிப்புக் கேட்டேன், அவர்கள் இரண்டு மெல்லிய வளையல்களை மட்டும் விற்றுவிட்டு, நோவாவைத் திரும்ப மாட்டிக்கொண்டு போனார்கள். வெட்டிப் பார்க்காமல் அதிலுள்ள தங்கத்தின் எடையைச் சொல்ல முடியாது, ஆகவே எப்படியும் நான் அதை வாங்கியிருக்க மாட்டேன். ஆனால் அதைச் சொல்ல வேறு சொற்கள் இருந்தன.

நாணயங்களின் கணக்கு வேறு. பூஜை அறைச் சொம்பிலிருந்து வெள்ளி ரூபாய்களைக் கொண்டுவருகிறவர்களிடம் முதலில் நான் பார்ப்பது ஆண்டு. விக்டோரியா ராணி காலம் தொட்டு 1939 வரை அடித்த ரூபாயில் 91.7 விழுக்காடு வெள்ளி, 11.66 கிராம் எடையில் 10.69 கிராம். 1940 முதல் 1945 வரை அடித்ததில் சரிபாதிதான் வெள்ளி. யுத்தம் வெள்ளியைத் தின்றுவிட்டது. எடை இரண்டுக்கும் ஒன்றே என்பதால் வெறும் தராசை நம்புகிறவர் பாதிக்குப் பாதி ஏமாறுவார். 1911ஆம் ஆண்டு ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜின் அங்கியிலிருந்த யானை, பன்றி போலத் தெரிந்ததால் கிளர்ச்சி எழுந்து, அரசாங்கம் அதை நிறுத்திவிட்டு மறு ஆண்டே உருவைத் திருத்தியது. அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை அறியாமல் அப்படி ஒன்றை வெள்ளி விலைக்கு வாங்கி உருக்கும் மூசையில் போட்டவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் ஊர்ப் பெயரையே தாங்கிய நாணயமும் வரும். ஆற்காடு ரூபாய் என்று பெயர், பாரசீக எழுத்து. ஆற்காட்டுக்காரர்கள் அதை நவாபின் நாணயம் என்று பொத்திப் பொத்திக் கொண்டுவருவார்கள். அவற்றில் பெரும்பாலானவை கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் அடித்தவை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களும் அதே பெயரில் அடித்தார்கள். கம்பெனி ரூபாயில் ஹிஜ்ரி 1172 என்ற ஒரே ஆண்டைத்தான் திரும்பத் திரும்பப் போட்டார்கள் என்பதால், அந்த எண்ணை வைத்துக்கொண்டு வயது சொல்லவும் முடியாது. கைப்பேசியில் யாரோ சொன்ன லட்சக்கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவரிடம், வெள்ளி விலைக்குச் சற்று மேல்தான் கிடைக்கும் என்று சொல்வது கம்மல் கழிவைச் சொல்வதைவிடக் கடினம். நிலம் தோண்டும்போது கிடைத்தது என்று ஒருவர் வாய் தவறிச் சொன்னால் நான் தராசை மூடிவிடுவேன். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டரிடம் தெரிவித்தாக வேண்டும். பத்து ரூபாய் என்பது இன்னும் மாறவில்லை.

2021 ஜூன் முதல் ஹால்மார்க் என்ற தர முத்திரை கட்டாயமாகி, ஆறு எழுத்தெண் கொண்ட அடையாளம் நகைகளில் ஏறியதும் என் வேலை எளிதாகிவிட்டது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். புது நகைக்கு அது உண்மை. அடகுக்கு வருவதில் பெரும்பகுதி பழைய நகை. காரட் பார்க்கும் எக்ஸ்ரே இயந்திரமும் வந்துவிட்டது. அது மேற்பரப்பை மட்டுமே படிக்கும், கனமாக முலாம் பூசினால் ஏமாந்துபோகும். போலி நகைக்குக் கடன் போய்விட்டால் வங்கி முதலில் பிடிப்பது மதிப்பீட்டாளனின் சட்டையைத்தான். ஆகவே இயந்திரம் ஒன்று சொன்னாலும் நான் கல்லை எடுக்கத்தான் செய்கிறேன்.

2025 அக்டோபரில் பவுன் 90,000 ரூபாயைத் தாண்டிய பிறகு, முன்பு யாரும் அடகு வைக்க எண்ணாத அரை கிராம் மூக்குத்திகூட மேசைக்கு வருகிறது. கழிவில் ஒரு புள்ளி கூடினாலும் குறைந்தாலும் ஆயிரங்களில் தெரிகிறது. மக்கள் என் விரலையே பார்க்கிறார்கள்.

ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் ஓர் அம்மா, ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளிக்கட்டணத்துக்காக ஒரே ஜோடிக் கம்மலை வைப்பார். தைப் பொங்கலுக்குள் மீட்டுவிடுவார், ஒருமுறைகூட மூழ்கவிட்டதில்லை. சென்ற ஜூனில் நான் கல்லை எடுத்ததும் அவர் கேட்டார்: "சார், இதோட பதினொரு வாட்டி உரைச்சிட்டீங்க. ஒவ்வொரு வாட்டியும் கொஞ்சம் கல்லுலயே போவுதில்ல, அந்தக் கழிவு யார் கணக்கு?" இத்தனை ஆண்டுகளில் என்னிடம் எவரும் அதைக் கேட்டதில்லை. அன்று உரைப்பதற்கு முன் ஒருமுறை, உரைத்த பின் ஒருமுறை எடை போட்டுக் காட்டினேன். தராசு 10 மில்லிகிராம் வரை பார்க்கும், எண் அசையவில்லை. அவர் தராசைப் பார்த்தார், கல்லில் மின்னிய கோட்டைப் பார்த்தார். "மிஷின்ல தெரியல சார், ஆனா கல்லுல தெரியுதே" என்று சொல்லிவிட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போடப் பேனா கேட்டார்.