தலைகுந்தாவில் ஒரு வெள்ளை விடியல்

ஜனவரி மாதம். உதகையிலிருந்து கூடலூர் பஸ்ஸில் ஏறி, காலை ஆறரை மணிக்குத் தலைகுந்தாவில் இறங்கினேன். புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டிப் பரப்பியது போல வெண்மை.

"நேற்று ராத்திரி மேகமும் இல்லை, காற்றும் இல்லை. அப்போதே தெரியும் தம்பி, இன்றைக்கு உறைபனிதான்" என்றார் டீக்கடைக்காரர்.

பனி பெய்கிறது என்றுதான் நாம் சொல்கிறோம். ஆனால் உறைபனி மேலிருந்து விழுவதே இல்லை. கடையின் தாழ்வாரத்தில் நின்ற ஸ்கூட்டர் இருக்கையில் ஒரு பொட்டுப் பனி இல்லை. இரண்டடி தள்ளித் திறந்தவெளியில் நின்ற பைக்கின் இருக்கையோ வெள்ளை வெளேரென்று இருந்தது. மரத்தடியிலும் புல் பச்சையாகவே கிடந்தது.

காரணம் வானம். இரவில் ஒவ்வொரு பொருளும் தன் வெப்பத்தைக் கதிர்களாக மேலே விட்டுக்கொண்டே இருக்கிறது. மேகமோ கூரையோ கிளையோ இருந்தால் அதில் ஒரு பங்கு திரும்பி வரும். வெட்டவெளியில் கிடப்பதற்கு அந்த வரவு குறைவு. அதனால்தான் விடுதிச் சுவரிலிருந்த வெப்பமானி 3 டிகிரி காட்டிய அதே காலையில், தரையை ஒட்டிய புல் நுனி பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருந்தது. அப்படிக் குளிர்ந்த புல்லைத் தொடும் நீராவி, தண்ணீராகாமல் நேரே பனிக்கட்டியாகிறது. குனிந்து பார்த்தேன். இலை விளிம்பெல்லாம் ஊசி ஊசியாக முளைத்திருந்தது. முதலில் பனித்துளியாகி, பிறகு உறைந்தவை வேறு மாதிரி. அருகில் நின்ற கார்க் கண்ணாடியில் அவை கண்ணாடி மணிகளாக ஒட்டிக்கொண்டிருந்தன.

குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். மேட்டுத் தோட்டம் தப்பிக்க, பள்ளத்துத் தேயிலை கருகுவது அதனால்தான். கருகிய செடிகளைப் பார்த்தபோது மனம் கனத்தது. ஒரே இரவில் கொழுந்தெல்லாம் தீய்ந்துபோகிறதே!

மதியம் உதகை தாவரவியல் பூங்காவில், மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியைக் கொண்டு மூடி வைத்திருந்தார்கள். காலையில் அந்த ஸ்கூட்டருக்குத் தாழ்வாரம் செய்த வேலையை இங்கே மிலார் செய்கிறது. எளிய, அருமையான ஏற்பாடு.

தலைகுந்தாவில் வெயில் ஏறியபோது புல்வெளியிலிருந்து ஆவி எழுந்தது. வேலிக் கம்பங்களின் நிழலில் மட்டும் வெள்ளைக் கோடுகள் மிஞ்சின. நிழல் நகர நகர, அவையும் ஒவ்வொன்றாக நனைந்த பச்சையாயின.