ஒளிரும் பாதை யாரைக் கொன்றது?

உலகின் முக்கியத் தீவிரவாத இயக்கங்களைப் பற்றிய அட்டவணைகள் போட்டித் தேர்வு வழிகாட்டிகளில் அடிக்கடி கண்ணில் படுகின்றன. பெயர், நாடு, தலைவர், இலக்கு என்று கட்டம் கட்டமாகப் பிரித்திருப்பார்கள். அந்தக் கடைசிக் கட்டம் எனக்கு நெடுநாளாக ஒப்பவில்லை. அந்த இயக்கம் தன் எதிரியாக யாரை அறிவித்ததோ, பெரும்பாலும் அவர்கள்தாம் அங்கே இருப்பார்கள்: மேற்குலகம், அரசு, மாற்று மதத்தவர். எகிப்தின் சினாய் பகுதியிலுள்ள அல்-ரவ்தா பள்ளிவாசலில் 2017 நவம்பரில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வந்திருந்த 300-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அதற்கு முந்தைய மாதம் மொகடிஷுவில் வெடித்த லாரி குண்டுக்கு 500-க்கும் மேற்பட்ட மக்கள் பலியானார்கள். அல்-ஷபாப் பொறுப்பேற்கவில்லை என்றாலும் சோமாலிய அரசு அந்த இயக்கத்தையே குற்றம் சாட்டியது. தொழுகைக்கு வந்தவர்களுக்கும் கடைத்தெருவில் நின்றவர்களுக்கும் அட்டவணையில் இடமில்லை.

அறிவிக்கப்பட்ட எதிரிக்கும் உண்மையில் செத்தவர்களுக்கும் இடையிலுள்ள தொலைவை ஆவணங்களோடு காட்டக்கூடிய நாடாக நான் தென்னமெரிக்காவின் பெருவைக் கருதுகிறேன். ‘செந்தேரோ லுமினோசோ’, அதாவது ‘ஒளிரும் பாதை’ எனப்படும் பெருவின் கம்யூனிஸ்ட் கட்சிப் பிரிவு, ஏழை விவசாயிகளின் பெயரால் ஆயுதம் ஏந்திய மாவோயிய இயக்கம். ஆந்திஸ் மலைப்பகுதியின் மிக ஏழ்மையான மாவட்டங்களில் ஒன்றான அயகுச்சோவின் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த அபிமாயெல் குஸ்மான் அதன் தலைவர். மார்க்ஸ், லெனின், மாவோ ஆகியோருக்குப் பின் மார்க்சியத்தின் நான்காம் வாள் என்று அவருடைய தொண்டர்கள் அவரைக் கொண்டாடினார்கள். மலைக்கிராமங்களிலிருந்து படிக்க வந்து ஆசிரியர்களாகத் திரும்பிய இளைஞர்களே இயக்கத்தின் முதல் வலை.

1980 மே 17 அன்று, பன்னிரண்டு ஆண்டு ராணுவ ஆட்சி முடிந்து பொதுத் தேர்தல் நடக்கவிருந்ததற்கு முந்தைய நாள், சுஸ்சி என்ற சிற்றூரில் வாக்குப்பெட்டிகளை எரித்து அவர்கள் போரைத் தொடங்கினார்கள். எழுத்தறியாதவர்களுக்கு வாக்குரிமை வழங்கிய 1979 அரசியல் சட்டத்தின்கீழ் நடந்த முதல் தேர்தல் அது. கெச்சுவா மொழி பேசும் மலைவாழ் விவசாயிகளில் ஏராளமானோர் வாழ்நாளில் முதன்முறையாக வாக்களிக்கவிருந்தனர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், எரிந்தது யாருடைய பெட்டி என்பது விளங்கும். தலைநகர் லிமா இதைப் பொருட்படுத்தவே இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் லிமாவின் விளக்குக் கம்பங்களில் செத்த நாய்கள், மாவோவுக்குத் துரோகம் செய்தவராக அவர்கள் கருதிய சீனத் தலைவர் டெங் சியாவோபிங்கை இகழும் வாசகங்களோடு தொங்கவிடப்பட்டபோதும், யாரோ கிறுக்கர்களின் வேலை என்பதற்கு மேல் பலர் யோசிக்கவில்லை.

தொடக்கத்தில் கிராமங்களில் அவர்களுக்கு ஆதரவு இருந்தது என்பதை மறைப்பதில் பொருளில்லை. கால்நடைத் திருடர்களையும் மனைவியை அடிப்பவர்களையும் ஊர் நடுவில் தண்டித்தார்கள். காவல்துறையும் நீதிமன்றமும் எட்டிப் பார்க்காத ஊர்களில் அது நியாயமாகவே தோன்றியிருக்கும். ஆனால் அவர்கள் வகுத்த போர்முறைக்கு வெற்றிடம் தேவைப்பட்டது. பழைய அதிகாரம் முழுவதும் துடைக்கப்பட்ட நிலத்தில்தான் புதிய அதிகாரத்தை நட முடியும் என்பது அவர்களுடைய கோட்பாடு. மலைக்கிராமத்தில் பழைய அதிகாரம் என்றால் யார்? நிலவுடைமையாளர்களில் பலர் அதற்கு முன்பே, ராணுவ ஆட்சியின் நிலச் சீர்திருத்தத்தோடு, வெளியேறியிருந்தார்கள். எஞ்சியிருந்தவர்கள் ஊர்த்தலைவர், ஊர்ச்சபைப் பெரியவர், கூட்டுறவுச் சங்கப் பொறுப்பாளர், பத்து ஆடு கூடுதலாக வைத்திருந்த குடியானவர். அவர்களைத்தான் கொன்றார்கள். நகரங்களைப் பட்டினி போடுவதற்காக வாரச் சந்தைகளை மூடச் சொன்னபோது, உப்பும் மண்ணெண்ணெயும் அந்தச் சந்தையில்தான் கிடைத்தன என்பதால் முதலில் அடிபட்டவர்களும் விவசாயிகளே.

விவசாயிகள் எதிர்த்தபோது என்ன நடந்தது என்பதற்கு லுகானாமார்கா சாட்சி. 1983 மார்ச்சில் அவ்வூர் மக்கள் இயக்கத்தின் உள்ளூர்த் தளபதி ஒருவரைக் கொன்றார்கள். ஏப்ரல் 3 அன்று அதற்குப் பழிவாங்க வந்தவர்கள், அவ்வூரிலும் சுற்றியிருந்த குடியிருப்புகளிலும் கோடரியாலும் வெட்டுக்கத்தியாலும் 69 பேரைக் கொன்றார்கள். கொல்லப்பட்டவர்களில் கைக்குழந்தைகளும் முதியவர்களும் இருந்தனர். இதைக் கட்டுப்பாட்டை மீறிய கும்பலின் செயல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 1988-இல் அளித்த நேர்காணலில் குஸ்மானே, மத்தியத் தலைமை எடுத்த முடிவு அது என்று ஒப்புக்கொண்டு, விவசாயிகளுக்குப் பாடம் புகட்ட அது தேவைப்பட்டது என்ற பொருளில் நியாயப்படுத்தினார். யாருக்காகப் போரிடுவதாகச் சொன்னாரோ அவர்களுக்கே பாடம்.

அரசின் கை சுத்தமாக இருந்தது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அயகுச்சோவில் ராணுவம் இறங்கிய பிறகு, கெச்சுவா பேசும் எவரும் சந்தேகத்திற்குரியவர் என்றாயிற்று. 1985 ஆகஸ்டில் அக்கோமார்கா கிராமத்தில் ராணுவ ரோந்துப் படை பெண்களையும் குழந்தைகளையும் உள்ளிட்ட அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இரண்டு பக்கமும் ஒரே ஊரை அழித்த கதையும் உண்டு. 1983 ஜனவரியில் எட்டு செய்தியாளர்களைத் தீவிரவாதிகள் என்று தவறாக எண்ணி ஊர்மக்களே கொன்றதால் உலகறிந்த உச்சுராக்காய், அடுத்து வந்த மாதங்களில் தன் மக்களில் 135 பேரை இழந்து, ஆளே இல்லாத ஊராகிப் பத்தாண்டு கிடந்தது. செய்தியாளர்களின் மரணம் தலைப்புச் செய்தியானது; ஊராரின் மரணத்தை நாடு அறியப் பல ஆண்டுகள் ஆயின.

அமேசான் பக்கத்து எனே, தாம்போ ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் வாழும் அஷானிங்கா பழங்குடியினருக்கு நேர்ந்தது இதைவிடக் குறைவாகவே பேசப்படுகிறது. ஒளிரும் பாதையினர் காட்டுக்குள் முகாம் அமைத்து அவர்களைக் குடும்பம் குடும்பமாக அடைத்து வைத்தார்கள், சிறுவர்களைப் போராளிகளாக்கினார்கள். ஏறத்தாழ 6,000 அஷானிங்காக்கள் இறந்தனர், 5,000 பேர் சிறைப்பட்டிருந்தனர் என்பது இந்தப் போரைப் பின்னாளில் விசாரித்த உண்மை ஆணையத்தின் மதிப்பீடு. அம்மக்களின் மொத்தத் தொகையே அப்போது சுமார் 55,000.

நகரத்திலும் இதே தர்க்கம்தான் வேலை செய்தது. லிமாவின் புறநகர்க் குடிசைப் பகுதியான வில்லா எல் சல்வதோரில் ஏழைக் குழந்தைகளுக்குப் பால் வழங்கும் திட்டத்தையும் பொதுச் சமையற்கூடங்களையும் நடத்திய பெண்கள் கூட்டமைப்பின் தலைவியாக இருந்தவர் மரியா எலேனா மொயானோ. கறுப்பின இடதுசாரி, அரசையும் விமர்சித்தவர், ஒளிரும் பாதையையும் வெளிப்படையாக எதிர்த்தவர். 1992 பிப்ரவரி 15 அன்று அவரைச் சுட்டுக் கொன்று, உடலை வெடிவைத்துச் சிதைத்தார்கள். அவருக்கு வயது 33. அரசு அமைச்சரைவிட அவர் ஆபத்தானவராகத் தெரிந்ததற்குக் காரணம் எளிது: வறியவர்கள் துப்பாக்கியின்றித் தாங்களாகவே அமைப்பாகத் திரள முடியும் என்று காட்டிக்கொண்டிருந்தார்.

வசதியானவர்கள் வாழும் மிராஃப்ளோரெஸில், தராதா தெருவில் 1992 ஜூலையில் குண்டு வெடித்து 25 பேர் இறந்தபோதுதான் லிமாவின் நடுத்தர வர்க்கம் உண்மையில் உலுக்கப்பட்டது. போர் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்வாண்டு செப்டம்பர் 12 அன்று, லிமாவின் நடன வகுப்பு நடந்த வீடொன்றின் மாடியில் குஸ்மான் ஒரு துப்பாக்கிச் சூடும் இன்றிப் பிடிபட்டார். காவல்துறையின் சிறு புலனாய்வுக் குழுவொன்று அந்த வீட்டுக் குப்பையைப் பொறுமையாகக் கிளறித் துப்புத் துலக்கியிருந்தது. ராணுவம் எரித்த கிராமங்களால் ஆகாதது குப்பைப் பையால் ஆயிற்று என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்குக் கோபமே வருகிறது.

உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் ஏறத்தாழ 17,000 வாக்குமூலங்களைப் பதிவு செய்து, 2003 ஆகஸ்டில் அறிக்கை தந்தது. 1980 முதல் 2000 வரை இறந்தோரும் காணாமல் போனோரும் 69,280 பேர் இருக்கலாம் என்று அது மதிப்பிட்டது. அதுவரை நம்பப்பட்டதைப் போல் இரு மடங்கு. இந்தக் கணக்கு மிகை என்றும் 48,000 அளவில்தான் இருக்கும் என்றும் 2019-இல் ஒரு புள்ளியியல் மறு ஆய்வு வாதிட்டது. ஆனால் இறந்தவர்கள் யார் என்பது அவ்வளவு சர்ச்சைக்குரியதல்ல. ஆணையத்தில் பதிவான சாவுகளில் 54 சதவீதம் ஒளிரும் பாதையால் நேர்ந்தவை. மொத்தப் பலியானோரில் 75 சதவீதத்தினர் கெச்சுவாவையோ வேறொரு பூர்வகுடி மொழியையோ தாய்மொழியாகக் கொண்டவர்கள். 1993 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் அப்படிப்பட்டவர்கள் 16 சதவீதமே.

2005-இல் பெரு இயற்றிய இழப்பீட்டுச் சட்டம், ஆயுத இயக்கங்களின் உறுப்பினர்களை ‘பாதிக்கப்பட்டோர்’ என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அஷானிங்கா முகாமில் பிடித்துச் செல்லப்பட்டு, பன்னிரண்டு வயதில் கையில் துப்பாக்கி திணிக்கப்பட்ட ஒரு சிறுவனை எந்தப் பக்கம் எழுதுவது? அவன் இயக்கத்தின் ஆளா, இயக்கம் குறிவைத்தவர்களில் ஒருவனா? அவனைப் பாதிக்கப்பட்டவன் என்றே எழுத வேண்டும் என்பது என் கருத்து. லுகானாமார்காவில் பெற்றோரை இழந்த ஒருவர் அதை மறுத்தால், அவரோடு வாதிட எனக்கு நா எழாது.