செம்புப் பட்டையில் குண்டுக் குழி: மூன்றாவது வாரம்

கடினத்தன்மை பார்க்க நான் செய்த நெம்புகோல் இந்த வாரம்தான் நம்பும்படி எண் தர ஆரம்பித்தது. முறை புதிதல்ல, ஸ்வீடன்காரர் பிரினெல் 1900இல் காட்டியதுதான்: எஃகுக் குண்டை ஒரு குறிப்பிட்ட பாரத்தில் உலோகத்தின் மேல் அழுத்தி, பதிந்த குழியின் விட்டத்தை அளக்க வேண்டும். இதற்கு வழக்கமான 10 மி.மீ. குண்டுக்கும் 3000 கிலோ பாரத்துக்கும் வீட்டில் வழியில்லை. செம்புத் துண்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட 5 மி.மீ. பேரிங் குண்டும் 125 கிலோவும் போதும்.

ஒரு மீட்டர் இரும்புச் சதுரக் குழாய், ஒரு முனையில் குழாய் ஏறி இறங்கத் திரும்பும் போல்ட், அதிலிருந்து 10 செ.மீ. தள்ளிக் குண்டு, மறுமுனையில் ஜிம் தட்டுகள். போன வாரம் 12.5 கிலோ மாட்டிவிட்டு 125 வந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். குழாயே 2.5 கிலோ எடை, அதன் பாரம் நடுவில் விழுவதால் குண்டின் மேல் இன்னொரு 12.5 கிலோ ஏறிக்கொண்டிருந்திருக்கிறது! இப்போது 11.25 கிலோதான் மாட்டுகிறேன். தட்டைத் தடாலென்று விடாமல் கார் ஜாக்கியால் மெதுவாக இறக்கி, 15 விநாடி நிறுத்திவிட்டுத் தூக்குகிறேன்.

முதலில் 1 மி.மீ. தகட்டில் போட்டேன், பின்பக்கம் குமிழ் தெரிந்தது. குழி ஆழத்தைப்போல் எட்டு மடங்காவது கனம் வேண்டும் என்பது அதற்குத்தான். அப்புறம் பழைய மின்பலகையில் கிடந்த 6 மி.மீ. செம்புப் பட்டைக்கு மாறினேன். வாங்கிய நிலையில் குழி 1.35 மி.மீ., அதாவது பிரினெல் கடினத்தன்மை எண் சுமார் 86 (குழி சிறுத்தால் எண் கூடும், உலோகம் அவ்வளவு கடினம்). மங்கிய சிவப்பு வரும் வரை சூடாக்கித் தண்ணீரில் போட்டதும் 1.85 மி.மீ., 45தான். எஃகென்றால் தண்ணீரில் போட்டதும் இறுகும் என்று பயப்பட வேண்டும், செம்பு அப்படியில்லை. அதே துண்டைச் சுத்தியலால் நன்றாக அடித்துப் பார்த்தால் 1.27 மி.மீ., கணக்கில் 97. அடித்து அடித்து இறுகியதும் பாத்திரம் அடிப்பவர்கள் மறுபடி உலையில் காட்டுவது ஏன் என்று எண்ணிலேயே தெரிந்துவிட்டது.

ஆனால் என்னைப் பிடித்து வைத்திருப்பது எண் இல்லை, குழியின் விளிம்பு. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து யூஎஸ்பி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், அடித்த செம்பில் குழியைச் சுற்றி மெல்லிய கரை எழும்பி நிற்கிறது, சேற்றில் கட்டைவிரலை அழுத்தினால் ஓரம் மேலே வருமே, அப்படி. சூடாக்கி மெத்தென்றாக்கிய செம்பில் கரையே இல்லை, சுற்றியுள்ள பரப்பும் குண்டோடு சேர்ந்து உள்ளே சரிகிறது, வெகு தூரத்துக்குத் தோல் சுருங்கினாற்போல் இருக்கிறது. காரணம் இதுதான்: மெத்தென்ற செம்பில் குண்டுக்கு அடியில் இருப்பது நெளிந்தவுடனே இறுகிவிடும், அதனால் நெளிவு தள்ளித் தள்ளிப் பரவும். ஏற்கெனவே அடித்து இறுகியதற்கு மேலும் இறுக இடமில்லை, கிட்டே இருக்கும் உலோகம் குண்டின் ஓரமாகவே மேலேறி வந்துவிடும்.

இதனால் விட்டம் அளப்பதிலும் சிக்கல். உள்ளே சரிந்த குழிக்கு விளிம்பு எங்கே என்று கோடு கிழிக்க முடிவதில்லை, 0.05 மி.மீ. தவறினாலே 45 என்பது 42 ஆகிவிடுகிறது. அடுத்த துண்டை 1200 நம்பர் எமரித் தாளில் தேய்த்து, பெர்மனென்ட் மார்க்கரால் மெல்லிசாகப் பூசிவிட்டு அழுத்தப்போகிறேன், குண்டு தொட்ட இடம் வரை மை நசுங்கித் தெரிகிறதா பார்க்க வேண்டும்.