ஹோபர்ன் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்

லண்டனுக்கு வந்தபோது எனக்கு 41 வயது. கும்பகோணத்தில் 16 வருடம் பரதம் சொல்லிக்கொடுத்தவள், கணவரின் வேலைக்காக ஈஸ்ட் ஹாமில் ஒரு மாடி வீட்டில் வந்து உட்கார்ந்தேன். நவம்பர் மாதம், நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். கொஞ்சம் அழுத்தி நடந்தாலே கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார், அப்புறம் எங்கே தட்டடவு போடுவது? சலங்கை பெட்டியிலேயே கிடந்தது. இனி ஆட்டம் அவ்வளவுதான் என்று மனது அடங்கிவிட்டது.

அடுத்த வருடம் ட்ரூரி லேன் பக்கம் ஒரு தியேட்டரில் டிக்கெட் பார்த்து சீட் காட்டும் வேலை கிடைத்தது, இடைவேளையில் ஐஸ்கிரீமும் விற்க வேண்டும். ஹோபர்ன் ஸ்டேஷனில் இறங்கி நடக்கும் வழியில் தினமும் ஒரு பெயர் கண்ணில் படும்: கில்லியன் லின் தியேட்டர். யார் இந்த அம்மா என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

1926-ல் பிறந்தவர். 13 வயதில் அம்மாவை கார் விபத்தில் பறிகொடுத்தவர். போர்க்காலத்தில் டான்ஸ் ஹாலாகிவிட்டிருந்த ராயல் ஓபரா ஹவுஸ் 1946 பிப்ரவரி 20 அன்று மறுபடி திறந்தபோது அங்கே பாலே ஆடியவர்களில் அவரும் ஒருவர், அன்றைக்குத்தான் அவருக்கு 20 வயது நிறைந்தது. ஆடுவதை விட்டுப் பிறரை ஆடவைக்கும் வேலைக்கு வந்து, 'கேட்ஸ்' இசைநாடகத்துக்கு நடனம் அமைத்து இணை இயக்குநராகவும் இருந்தார். அது 1981 மே மாதம் அரங்கேறியது இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கும் இதே தியேட்டரில்தான். அப்போது அவருக்கு வயது 55! அன்றிரவு ரயிலில் இரண்டு மூன்று முறை கழித்துப் பார்த்தேன், கணக்கு சரிதான். 1986-ல் 'ஃபேண்டம் ஆஃப் தி ஓபரா', அதுவும் இங்கிருந்து நடக்கிற தூரத்தில். 2018-ல், இறப்பதற்குச் சில நாள் முன்பு, தன் பெயர் சூட்டிய விழாவுக்கு அவரே வந்திருந்தார்.

'கேட்ஸ்' லண்டனில் 21 வருடம் ஓடியது. நடனம் அமைத்தவர் அடுத்த வேலைக்குப் போன பிறகும் ஆட்டம் குலையாமல் எப்படி நிற்கிறது? இதை நான் கற்றுக்கொண்டது ஸ்டால்ஸ் எனும் தரைத்தள இருக்கைகளின் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று, ஒரே ஷோவை வாரம் ஆறு முறை பார்த்துத்தான். டான்ஸ் கேப்டன் என்று ஒருவர் உண்டு, நம் நட்டுவனார் மாதிரி, ஒவ்வொருவரின் கையும் காலும் இடமும் அவருக்கு மனப்பாடம், ஒரு விரல் தளர்ந்தாலும் மறுநாள் திருத்துவார். ஸ்விங் என்று இன்னும் சிலர், குழுவில் ஏழெட்டுப் பேரின் ஆட்டத்தை ஒருவரே கற்று வைத்திருப்பார், யாருக்காவது கணுக்கால் பிசகினால் அன்று மாலையே அந்த இடத்தில் ஆடுவார். எனக்கு இவர்கள் மேல் அப்படி ஒரு மரியாதை. ஊரில் நான் இப்படி யாரையும் தயார் செய்ததே இல்லை. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்த உருப்படியையே நிறுத்திவிடுவேன்.

இந்தத் தை மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஈஸ்ட் ஹாமில் ஒரு சமூகக் கூடத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். ஆறு பிள்ளைகள் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தன் இடத்தோடு பக்கத்துப் பிள்ளையின் இடமும் தெரிய வேண்டும் என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். போன வாரம் ஒருத்திக்குச் சளி, வரவில்லை. ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, நான் சொல்லும் முன்பே, மூன்றடி தள்ளிப் போய் அவள் இடத்தில் அரைமண்டியில் அமர்ந்தாள்.